பளபளப்பா, சாட்டினா? கான்சர்ட் யுகுலேலே வாங்குமுன் ஒரு கேள்வி

மாலைக்கடல் (தூத்துக்குடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரே யோசனை. வீட்டில் கேட்டுக் கேட்டு எல்லோரும் களைத்துவிட்டார்கள். மரமும் மெருகும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நான்கு தந்தி கொண்ட சிறு கித்தாரான யுகுலேலேயைக் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. இப்போது இருப்பது சோப்ரானோ என்னும் சிறிய அளவு. ஒட்டுப்பலகையில் செய்தது, சாட்டின் என்னும் மங்கலான பூச்சு, 4,500 ரூபாய்க்கு வாங்கியது. என் மகளுக்குப் பத்து வயது. பாதி நேரம் அது அவள் கையில்தான் இருக்கிறது. அதை அவளுக்கே கொடுத்துவிட்டு, எனக்கென்று அதைவிடச் சற்றுப் பெரிய கான்சர்ட் அளவில் ஒன்று வாங்க 20,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். இதற்குப் பிறகு இன்னொன்று வாங்கும் எண்ணம் இல்லை. வயதான பிறகும் என் மடியில் இருக்க வேண்டிய கருவி இது.

ஆவணியில் ஒரு திருமணத்துக்காகச் சென்னை போயிருந்தபோது கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒரே நிறுவனம், ஒரே வடிவம், முகப்பலகை ஒட்டில்லாத மகோகனி, தந்தி நீளம் 15 அங்குலம். பூச்சு மட்டும்தான் வேறு. ஒன்று கழுத்து உட்பட முழுவதும் பளபளப்பு. மற்றது முழுவதும் சாட்டின். பளபளப்புக்கு 2,400 ரூபாய் கூடுதல்.

பளபளப்பானதைக் கையில் வாங்கித் திருப்பியபோது கடையின் குழல்விளக்கு அதன்மேல் கோடாக ஓடியது. மரத்தின் ரேகைகள் தெளிந்த தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தன. சாட்டினைத் தொட்டபோது வாழை இலையின் அடிப்பக்கம் நினைவுக்கு வந்தது. கண்ணுக்கு ஒன்று பிடித்திருக்கிறது, கைக்கு மற்றது பிடித்திருக்கிறது. முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு உள்ளங்கை அதிகம் வியர்க்கும். கணக்குப் பேரேட்டில் எழுதும்போது கைக்கு அடியில் ஒரு மை ஒற்றும் தாளை வைத்துக்கொள்கிறவள் நான். வாசிப்பது பெரும்பாலும் அலுவலகம் முடிந்து வந்து, மொட்டை மாடியில். கடற்காற்றில் எல்லாமே பிசுபிசுத்துக் கிடக்கும் நேரம் அது.

சாட்டின் மீது எனக்கு ஒரு மனக்குறையும் இருக்கிறது. சோப்ரானோவில் வலது முன்கை அமரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பூச்சு வெளுத்து ஒட்டத் தொடங்கியிருக்கிறது. முதல் ஆண்டு முழுக்க ஒன்றும் இல்லை. ஆடி கழிந்த பிறகுதான் கவனித்தேன். ஈரத்துணியால் துடைத்தால் போகவில்லை. துணியின் பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். சாட்டின் நாளாக நாளாக இப்படித்தான் ஆகும் என்றால், எவ்வளவு இதமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கடற்கரை ஊரில் எது தாங்கும்? ஓசையில் வேறுபாடு உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ராகவீதி (திருச்சி) எழுதியது:

சகோதரி, பளபளப்பையே வாங்குங்கள். வாழ்நாளுக்கு ஒன்று என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் பார்த்த உடனே கையில் எடுக்கத் தோன்ற வேண்டும். நான் வைத்திருப்பது பளபளப்பான டெனோர், கான்சர்ட்டைவிடப் பெரிய அளவு. ஒன்பது ஆண்டு ஆகிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் மனம் நிறைகிறது. தடித்த பூச்சு என்பதால் கடற்காற்றின் ஈரத்தையும் அது தடுக்கும். சாட்டின் என்பது நிறுவனங்கள் செலவைக் குறைக்கச் செய்வது. உங்கள் பழைய கருவியில் வந்திருக்கும் வெளுப்பே அதற்குச் சாட்சி. 2,400 ரூபாயைப் பார்க்காதீர்கள்.


மரவாசம் (காரைக்குடி) எழுதியது:

அம்மா, உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது அந்த ஒட்டும் இடம். அதை முதலில் பேசிவிடுகிறேன். ஏனென்றால் அதை வைத்துச் சாட்டினைத் தள்ளினீர்கள் என்றால், செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டித்ததாகும்.

என் அப்பா இந்தப் பக்கத்து வீடுகளில் மரத்துக்கு மெருகு போட்டவர். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டு, வட்டம் வட்டமாகக் கையாலேயே ஏற்றும் பழைய முறை. பதினான்கு வயதில் அவருக்கு உப்புத்தாள் பிடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். இன்று அதே தொழில்தான் எனக்கும். ஏழு ஆண்டாக யுகுலேலே வாசிக்கிறேன். வீட்டில் இரண்டு இருக்கின்றன, ஒன்று சாட்டின், ஒன்று பளபளப்பு.

சாட்டின் தனியான ஒரு பொருள் இல்லை. பளபளப்புக்கு அடிக்கிற அதே லாக்கர் அல்லது பாலியூரித்தேன் பூச்சில் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலக்கிறார்கள். பூச்சு காயும்போது அந்தத் தூளால் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாகிவிடுகிறது. அதில் படும் ஒளி சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. வாழை இலையின் அடிப்பக்கம் என்று எழுதினீர்களே, அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்த முறை இலை நறுக்கும்போது அந்தப் பக்கத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்தாற்போல் இருப்பது போய், விரல் பட்ட இடம் மட்டும் மினுங்கும். சாட்டினும் அப்படியேதான் தேயும். கை படப்பட மேடுகள் மழுங்கிச் சமமாகும். முன்கை அமரும் விளிம்பு, மீட்டும் விரல் உரசும் இடம், கட்டைவிரல் ஓடும் கழுத்தின் பின்புறம், நெஞ்சில் அணைகிற முதுகுப்பலகை, இங்கெல்லாம் மினுக்கம் ஏறும்.

எங்கள் ஊர் வீடுகளின் ஊஞ்சல் பலகையைப் பாருங்கள். ஓரங்கள் மங்கியிருக்கும், நடுப்பகுதி கண்ணாடியாக இருக்கும். ஓரத்தில் இருப்பது நாம் போட்ட மெருகு, நடுவில் இருப்பது உட்கார்ந்தவர்கள் போட்ட மெருகு என்பார் அப்பா.

ஆகவே சாட்டின் தேய்ந்திருந்தால் அந்த இடம் மினுங்க வேண்டும். உங்களுடையது வெளுத்து ஒட்டுகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஏதோ ஒன்று பூச்சைக் கரைக்கிறது. காற்றின் ஈரமோ என்று தோன்றலாம். ஈரம் மெருகைப் பாலாக வெளுக்கச் செய்வது பெரும்பாலும் பூச்சு ஈரமாக இருக்கும்போதுதான். ஸ்பிரிட் ஆவியாகையில் பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் அப்பா எந்த வீட்டிலும் மெருகு வேலையை ஒப்புக்கொள்ள மாட்டார். முழுதாகக் காய்ந்து ஓராண்டு நன்றாக இருந்த பூச்சு, ஒரே இடத்தில், அதுவும் கை வைக்கும் இடத்தில் மட்டும் இளகுகிறது என்றால், கையில் ஏதோ இருந்திருக்கிறது. மாலையில் மாடியில் வாசிப்பதாகச் சொல்கிறீர்கள். கொசு விரட்டி பூசிக்கொள்கிறீர்களா? டியூபிலோ புட்டியிலோ டீட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கொசுவை விரட்டுவதில் அது கெட்டிக்காரன். ஆனால் பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் லாக்கரையும் இளக்கும் கரைப்பானும் அதுதான். அது காரணமாக இருந்தால் பளபளப்பான கருவிக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும்.

ராகவீதி ஐயா சொன்ன செலவுக் கணக்கில் உண்மை உண்டு. மகோகனியில் ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள் நிறைய. பளபளப்பு வேண்டுமென்றால் முதலில் அவற்றை அடைத்து மட்டப்படுத்த வேண்டும். பிறகு பூச்சுமேல் பூச்சு, நடுநடுவே தேய்ப்பு. கடைசியில் 1,500, 2,000 எண் உப்புத்தாள்களில் தண்ணீர் விட்டு இழைத்து, துணிச்சக்கரத்தில் கொடுத்து மெருகேற்ற வேண்டும். ஒரு சிறு அலை இருந்தாலும் விளக்கொளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சாட்டினுக்கு இத்தனை கை வேலை இல்லை. பல கருவிகளில் துளைகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 2,400 ரூபாய் இந்த உழைப்புக்கான கூலி. அது நியாயமான கூலி என்பதே என் எண்ணம். ஆனால் அந்தக் கூலியால் சாட்டினின் மரமோ உள்வேலையோ தாழ்ந்துவிடாது.

ஈரத்தைத் தடுக்கும் என்பதைத்தான் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. வெளியே எவ்வளவு தடித்த பூச்சு இருந்தாலும், பெட்டியின் உட்புறம் பூச்சில்லாத மரம். ஒலித்துளை வழியாகக் காற்று போய்வந்துகொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். உங்கள் ஊரில் அது எட்டாத கனவு. கடற்காற்றிலிருந்து குளிரூட்டிய அறைக்கும், அங்கிருந்து மறுபடி மாடிக்கும் என்று மாற்றி மாற்றி அலைக்கழிக்காமல் இருந்தால் போதும். வாசித்து முடித்ததும் உறையில் போட்டு மூடுங்கள்.

ஓசைக்கு வருகிறேன். யுகுலேலேயின் முகப்பலகை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனம்தான். இவ்வளவு சிறிய பெட்டியில் கூடும் எடை எல்லாம் ஓசையை அமுக்கும். 1907-இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் முதன்முதலாகச் செய்த யுகுலேலேக்கள் எடுபடாமல் போனதற்குக் காரணம், கித்தார் செய்கிற பழக்கத்தில் உள்ளே கட்டைகளை அதிகமாக வைத்ததுதான் என்பார்கள். பூச்சை அள்ளி அப்பினாலும் அப்படித்தான். ஆனால் ஒழுங்காகச் செய்த ஒரே வடிவக் கருவிகள் இரண்டில், பூச்சினால் மட்டும் வரும் வேறுபாட்டை என் காது கண்டுபிடித்ததில்லை. என்னிடம் இருந்த நைலான் தந்திகளைக் கழற்றிவிட்டு ஃபுளூரோகார்பன் மாட்டிய அன்று, அடுத்த அறையில் இருந்த மனைவி வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஓசை வேண்டுமென்றால் தந்தியில் செலவு செய்யுங்கள்.

இனி கழுத்து. உங்களுக்கு முடிவு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கருவியின் உடலைக் கண் பார்க்கிறது, கழுத்தோடு கைதான் வாழ்கிறது. வழுவழுப்பான பரப்பில் வியர்வை மெல்லிய படலமாக நின்று கட்டைவிரலைப் பிடித்து இழுக்கும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது கை வழுக்கிப் போகாமல், விட்டு விட்டு நகரும். சாட்டினில் தோல் தொடுவது மேடுகளின் உச்சியை மட்டுமே. வியர்வைக்குப் பள்ளத்தில் இடம் உண்டு. உடல் பளபளப்பாகவும் கழுத்து மட்டும் சாட்டினாகவும் பல நிறுவனங்கள் செய்வது இதற்காகத்தான். உங்களுக்குக் காட்டியதில் அப்படி ஒன்று இல்லாமல் போனது வருத்தம்.

ஒன்று சொல்ல ஆசை, கேள்விக்கு வெளியே என்றாலும். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில், கரும்புத் தோட்டத்து வேலைக்காகப் போர்ச்சுகலின் மதீராத் தீவிலிருந்து ஹொனலுலுவில் வந்து இறங்கியவர்களில் மூன்று பேர் மரச்சாமான் செய்கிறவர்கள். மானுவேல் நுனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தங்கள் ஊரின் சிறு கித்தாரை ஹவாயின் கோஆ மரத்தில் அவர்கள் செய்யப்போய்த்தான் யுகுலேலே பிறந்தது. மேசையும் நாற்காலியும் இழைத்த கைகள் அவை. அப்பாவின் தொழிலுக்கும் என் மடியில் இருக்கும் இந்தக் கருவிக்கும் இருக்கும் உறவு அது. கோஆவில் நல்ல வரிமரம் கிடைத்தால், சாய்க்கச் சாய்க்க வரிகள் நகர்வதுபோல் தெரியும். அந்த மரத்துக்குப் பளபளப்புப் போடாமல் விட எனக்கு மனம் வராது. நேரான ரேகை கொண்ட மகோகனிக்குச் சாட்டினால் பெரிய இழப்பு இல்லை.


தூறல்ஒலி (கோவை) எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். நான் குழந்தைகளுக்கான பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்கிறேன். ஒலிவாங்கியை அருகில் வைத்தால், சாட்டின் உடலில் முன்கையும் சட்டையும் உரசும் சரசரப்பு பதிவாகிவிடுகிறது. மெதுவான தாலாட்டில் அது நன்றாகவே கேட்கும். பளபளப்பில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. முழங்கைக்கு மேலே நிற்கிற சட்டையோடு வாசித்தால் பாதி போய்விடும். வியர்வை இல்லாத காலையில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

காணொளி எடுக்கும்போது நேர் எதிர். பளபளப்பில் ஜன்னலும் விளக்கும் கைப்பேசியும், சில சமயம் எடுப்பவரின் முகமும் தெரியும். நான் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுகிறேன்.

பளபளப்பை வாங்குவதாக இருந்தால், கடையில் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் கருவியை நிற்கவைக்க உதவும் ரப்பர் பிடிப்பு உள்ள நிறுத்தியில் வைக்கக் கூடாது. சில ரப்பர்களிலும் வினைல்களிலும் உள்ள பொருள் அந்த லாக்கரை இளக்கிக் கறையாக்கும். என் கித்தாரின் கழுத்தில் அப்படி இரண்டு கறுப்புத் தழும்புகள் இருக்கின்றன. நிறுத்திக்குப் பருத்தித் துணி சுற்றியது அதற்குப் பிறகுதான்.


மாலைக்கடல் எழுதியது:

மரவாசம் ஐயா, உங்கள் பதிவைப் படித்த உடனே எழுந்து போய்ப் பார்த்தேன். என் தம்பி ஆனி மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த கொசு விரட்டித் தெளிப்பான். புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் டீட் 20 விழுக்காடு என்று இருக்கிறது. ஆடியிலிருந்து தினமும் இரண்டு கைகளிலும் அடித்துக்கொண்டு, காய்வதற்குள் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். இரண்டு ஆண்டாக ஒரு கீறல் படாமல் காத்த கருவியை நானே கரைத்திருக்கிறேன் என்று நினைக்க மனம் கனத்துவிட்டது. மகளிடம் சொன்னேன். ஒட்டுகிற இடத்தில் ஊதிக்கொண்டிருந்தாள்.

அதைச் சரி செய்ய முடியுமா? தின்னர் தொட்டுத் துடைத்தால் பிசுக்குப் போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செய்யவில்லை, உங்களைக் கேட்டுவிட்டுத்தான் என்று இருக்கிறேன்.

இன்னொன்று. பளபளப்பை வாங்கி, கழுத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்து மங்கலாக்கிக்கொள்ளலாமா? அந்தக் குழல்விளக்குக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ராகவீதி அண்ணா, தூறல்ஒலி, உங்கள் இருவருக்கும் நன்றி. தாலாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மாடியில் கண்ணை மூடிக் கேட்டேன். சரசரப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டில் ஒரு நாள் கூட அதைக் கேட்டதில்லை.


மரவாசம் எழுதியது:

தின்னர் வேண்டவே வேண்டாம் அம்மா. ஸ்பிரிட்டும் வேண்டாம், கைக்குப் பூசும் கிருமிநாசினியும் அதன் பக்கம் போகக் கூடாது. ஏற்கெனவே இளகியதை அவை வழித்துவிடும். காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிழலான காற்றோட்டமான இடத்தில், அந்த இடத்தில் எதுவும் படாமல் சில வாரம் விட்டுவையுங்கள். டீட் மெதுவாகத்தான் போகும். போன பிறகு பூச்சு ஓரளவு இறுக வாய்ப்பு உண்டு, பழைய மென்மை வராது. இறுகாவிட்டால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து மறுபூச்சுக் கொடுக்கலாம். ஒட்டுப்பலகையின் மேல்தாள் மிக மெல்லியது என்பதால் அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். அந்த இடம் ஒட்டாமல் ஆன பிறகு உங்கள் மகள் வாசிக்கட்டும், முன்கைக்குக் கீழே ஒரு கைக்குட்டை போதும்.

கழுத்தை மங்கலாக்குவது முடியும். மிக நுண்ணிய, 0000 எண் இரும்புக் கம்பளியால் நீளவாக்கில் பத்துப் பதினைந்து முறை மென்மையாக ஓட்டினால் மினுக்கம் அடங்கிவிடும். ஒலித்துளையைத் தாளால் மூடிக்கொள்ள வேண்டும், இரும்புத்தூள் உள்ளே போகக் கூடாது. பிடிக்காவிட்டால் மறுபடி மெருகேற்றவும் வழி இருக்கிறது. ஆனாலும் புதுக் கருவியில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு நா எழவில்லை. உத்தரவாதம் போய்விடும். ஒருவர் நாள் கணக்கில் ஏற்றிய மெருகுக்கு 2,400 ரூபாய் கொடுத்துவிட்டு, பாதியைத் தேய்த்து எறிவதும் சரியாகப் படவில்லை.

மறுபடி கடைக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். குளிரூட்டிய கடையில் யார் கையும் வியர்க்காது, அங்கே எல்லாக் கழுத்தும் நன்றாகத்தான் இருக்கும். வெளியே வெயிலில் கால் மணி நேரம் நடந்துவிட்டு, கையைத் துடைக்காமல் உள்ளே போய் நேராகப் பளபளப்பை எடுத்து, முதல் ஃப்ரெட்டுக்கும் ஏழாவதுக்கும் இடையே ஏறி இறங்குங்கள். பிறகு சாட்டினில் அதையே செய்யுங்கள். கை சொல்வதைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் உங்களுக்குச் சாட்டின்தான்.

வாங்கினால் மெழுகு, மெருகெண்ணெய், சிலிக்கோன் கலந்த திரவம் எதையும் அதில் பூசாதீர்கள். திட்டுத்திட்டாக மினுங்கி அசிங்கமாகும். மென்மையான காய்ந்த துணி போதும். பளபளப்பில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் மெருகேற்றி மறைக்க முடியும். சாட்டினில் அது முடியாது. தேய்த்த இடம் மினுங்கித் தனியாகத் தெரியும். இந்த ஒரு குறையைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.


மாலைக்கடல் எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் முத்துநகர் விரைவு வண்டியில் சென்னை போனேன். நீங்கள் சொன்னபடி கடைக்கு வெளியே நடந்தேன். கால் மணி நேரம் தேவைப்படவில்லை, ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை நனைந்துவிட்டது. பளபளப்பில் மூன்றாவது ஃப்ரெட்டைத் தாண்டும்போதே கட்டைவிரல் நின்றது. இரண்டாம் முறை நின்ற இடத்தில் தோல் பிய்ந்து வருவதுபோல் ஒரு சிறு ஓசையும் கேட்டது. சாட்டினில் ஏழாவது வரை போய்த் திரும்பினேன். அதன் பிறகும் பளபளப்பை ஒருமுறை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். ராகவீதி அண்ணா, அது அழகுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சாட்டின் வாங்கினேன். மீந்த பணத்தில் இரண்டு கருவிக்கும் ஃபுளூரோகார்பன் தந்திகளும், மகளின் சோப்ரானோவுக்குத் தடித்த உறையும் வாங்கினேன். அப்பாவின் பழைய வேட்டியை வெட்டி முன்கைக்கு ஒரு பருத்தி உறை தைத்துக்கொண்டேன். இதுதான் இப்போது மாடியில் கொசுவுக்கும் காப்பு. தெளிப்பானை வாசித்து முடித்து, கருவியை உறையில் போட்ட பிறகுதான் எடுக்கிறேன்.

இன்று காலை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கழுத்தின் பின்புறம், மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நேரே, அரிசிமணி அளவுக்கு ஒரு மினுக்கம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓடிப்போய்ச் சோப்ரானோவை எடுத்து வந்தாள். அவளுடையது இரண்டாவது ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரியதாக இருந்தது.

சோப்ரானோவில் அந்த இடம் இப்போது ஒட்டவில்லை, ஆனால் சொரசொரப்பாக வெளுத்தே இருக்கிறது. மறுபூச்சுக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கார்த்திகை மழை விட்டு, தை பிறந்ததும் காரைக்குடிக்கு எடுத்து வரட்டுமா?


மரவாசம் எழுதியது:

பொங்கல் கழிந்து எந்த நாளும் வாருங்கள், மகளையும் அழைத்து வாருங்கள். தந்திகளைக் கழற்ற வேண்டாம், கொஞ்சம் தளர்த்தி மட்டும் எடுத்து வாருங்கள். மெருகு காய நான்கு நாள் ஆகும்.